கீழ்வீட்டுக்காரியின் தங்கை நடித்த படம்

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று அறிய யாரையும் கேட்கத் தேவையில்லை. வாசலில் கிடக்கும் சப்பாத்துகளைப் பார்த்தால் போதும். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று மாடிப் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. பனிக்காலத்தில் எல்லோரும் சேற்றுச் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிறந்தநாள் என்றால் சின்னச் சப்பாத்துகள் அதிகம். செபக்கூட்டம் என்றால் ஒழுங்காக அடுக்கியிருக்கும். அந்தச் சனிக்கிழமை காலை கீழ்வீட்டு வாசலில் பெண்களின் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவசரத்தில் கழற்றி எறிந்தவை. உள்ளே அழுகைச் சத்தம். ஒருத்தி அழுது ஓய இன்னொருத்தி தொடங்கினாள்.

செத்தவீடு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரி குர்து இனத்தவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் பெரிய லொறி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவள் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தமிழ்க் கடையில் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று கொஞ்சக் காலம் நினைத்திருக்கிறாள். அது பெயர் இல்லை என்று தெரிந்த பிறகும் அப்படியே கூப்பிட்டாள். நானும் விட்டுவிட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அகதி வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சுதான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவள் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

செத்தவீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டார்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அழைப்பும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. நான் பெரிய சட்டியில் சோறு போட்டேன். பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சொதி. மீன் பொரிக்கலாமோ என்று கேட்டுக்கொண்டு வந்த என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். செத்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமல் எப்படிச் சமைப்பது என்றார். முதலில் சோறு, பிறகு விசாரணை, அதுதான் முறை என்றேன்.

சட்டியோடு கீழே இறங்கிக் கதவைத் தட்டினேன். அவள் அழுது சிவந்த கண்ணோடு வந்து திறந்தாள். பிரெஞ்சு வகுப்பில் எத்தனையோ வசனங்கள் சொல்லித் தந்தார்கள். எனக்குப் பிழையில்லாமல் வரும் ஒன்றிரண்டில் அனுதாபம் தெரிவிக்கும் வசனமும் ஒன்று. அதைச் சொல்லிச் சட்டியை நீட்டினேன்.

அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஆருக்கு?" என்று கேட்டாள்.

அதை அவள்தானே எனக்குச் சொல்ல வேண்டும்.

"இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை" என்றாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அந்தச் சோற்றை நானும் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சாப்பிட்டோம்.

பின்னேரம் அவளே மேலே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் தன் பக்கத்தைச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் இதே வழக்கம்தானாம். செத்தவீட்டுக்கு அயலார் சோறு கொண்டு வருவார்கள். சட்டியைக் கண்டதும் தனக்குத் தெரியாத செய்தி ஏதோ எனக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்துபோனாளாம். இப்படியான செய்திகள் உரியவருக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும் என்றாள். அது எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

காலையில் அழுதது சந்தோஷத்தில். ஜெர்மனியில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அங்கே ஒரு மண்டபத்தில் குர்துப் போராளிகளைப் பற்றிய படம் ஒன்று போட்டார்களாம். அதில் அவளுடைய தங்கை இருக்கிறாளாம். எந்த இடத்தில் வருகிறாள், என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு அவர் சொல்லவில்லை. நீயே போய்ப் பார் என்று வைத்துவிட்டார்.

இவள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தங்கை பள்ளிக்கூடப் பிள்ளை. சில வருஷம் கழித்து அவள் மலைக்குப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அவர்கள் பேச்சில் மலைக்குப் போவது என்றால் போராடப் போவது. அதன் பிறகு ஒரு குரல் இல்லை, ஒரு படம் இல்லை. இப்போது ஒரு சினிமாப் படம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அது இங்கேயும் வருகிறது. தாய்க்காரி ஊரில் இருக்கிறா. அங்கே இந்தப் படத்தைப் பார்க்க வழியில்லை. பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறா.

"பிறகென்ன, நல்ல விஷயம்தானே" என்றேன்.

அவள் என் சமையலறைக் கதிரையில் இருந்து விரல்களைப் பிசைந்தாள்.

"அக்கா, நான் விட்டிட்டு வரேக்க அவள் சின்னப்பிள்ளை. இப்ப வளர்ந்த பொம்பிளை. அவள் எனக்கு முன்னால வந்து நிண்டு, நான் அடையாளம் பிடிக்காமல் விட்டா அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுவன்?"

தன்னுடைய ஆட்களோடு போனால் அவர்கள் தொடக்கத்திலிருந்தே அழுவார்கள், தனக்கு ஒன்றும் பார்க்கக் கிடைக்காது என்றாள். என்னைக் கூட வரச் சொல்லிக் கேட்டாள். என்னை ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் சுற்றி முடியும்வரை காத்திருந்த ஒரு நாளில், என் தம்பியைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

ட்யூஷனுக்குப் போனவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். எனக்கும் அம்மாவுக்கும் அதற்குமேல் அவனைப் பற்றித் தெரியாது. அந்தக் காலத்தில் இங்கே தமிழ்க் கடைகளில் ஊரிலிருந்து வரும் சண்டை வீடியோக்கள் வாடகைக்குக் கிடைக்கும். சனம் சண்டையைப் பார்க்கும். நாங்கள் முகம் தேடினோம். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருப்பா. ரிமோட் என் கையில். ஓடவிடுவது, நிறுத்துவது, பின்னுக்குச் சுற்றுவது. மொன்றியலில் எத்தனை தமிழ் வீடுகளில் இப்படி நடந்தது என்று கணக்கெடுத்தால் பாதிச் சனம் கை தூக்கும். அந்த வேலையில் நான் ஒன்று கண்டுபிடித்தேன். முகத்தைத் தேடக் கூடாது. முகம் வெயிலிலும் பசியிலும் மாறிவிடும். நடை மாறாது. ஆளின் நடையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து ஒரே ஒருமுறை, மூட்டையோடு வயல் வரம்பில் போகும் ஒரு முதுகு கிடைத்தது. அம்மா அவன்தான் என்றா. நான் இல்லை என்றேன். அவன் இடது தோளைச் சரித்து நடக்கிறவன். அம்மா சாகும்வரைக்கும் அந்த விஷயத்தில் எங்களுக்குள் சண்டைதான். இன்றைக்கும் கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆகவே கீழ்வீட்டுக்காரிக்கு என்னிடம் இருந்த ஒரே வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். "முகத்தைப் பார்க்காதையும். நடையைப் பாரும். தங்கச்சி எப்பிடி நடப்பா?" என்று கேட்டேன். அவள் எழும்பி என் குசினிக்குள் நடந்து காட்டினாள். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஏதோ அவசரம் போல முன்னுக்குச் சாய்ந்து. நான் அதை மனதில் பதித்துக்கொண்டேன்.

படம் போட்ட இடம் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வழமையாக அங்கே பழைய உடுப்பு விற்பார்கள். இந்த நகரத்தில் இத்தனை தியேட்டர்கள் இருந்தும் ஒன்றுகூட அந்தப் படத்தை எடுக்கவில்லை. யாரோ சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து, மடக்குக் கதிரைகளை விரித்து, வெள்ளைத் துணியைக் கட்டிக் காட்டினார்கள். முப்பது பேர்கூட இருக்கமாட்டோம். நானும் அவளும் முன்வரிசை. என் வீட்டுக்காரர் பின்வரிசை. சண்டைப் படம் என்று கேள்விப்பட்டதும் தானே வெளிக்கிட்டு வந்தவர். துவக்கைத் தொட்டுப் பார்க்காதவர், ஆனால் எந்தத் துவக்கு எந்த நாட்டுக்காரன் செய்தது என்று வாய் ஓயாமல் சொல்வார். வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று முதலே சொல்லி வைத்திருந்தேன்.

தொடங்குமுன் ஒருவர் எழும்பி, நடித்தவர்கள் நடிகர்கள் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னார். அந்தச் சண்டையில் நின்றவர்களே தங்கள் கதையைத் தாங்களே செய்து காட்டினார்களாம். இடிந்த வீடுகளும் உண்மையாகவே இடிந்தவை. படம் எடுத்து முடிந்த பிறகு சிலர் திரும்பச் சண்டைக்குப் போய் இல்லாமல் போனார்களாம். யார் யார் என்று தனக்கும் முழுதாகத் தெரியாது என்றார். கீழ்வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். பிறகு நெடுநேரம் விடவில்லை.

எனக்குச் சண்டைப் படம் ஒத்துவராது. வெடியும் குண்டும் வரும், காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்ப்போம் என்று போனேன். ஆனால் அந்தப் படத்தில் துவக்குச் சத்தத்தைவிட மாப் பிசையும் சத்தம்தான் அதிகம். மலைகளுக்கு நடுவில் சின்னப் பட்டணம். சுற்றிவர எதிரி. மிச்சமிருக்கும் சனத்துக்கு ரொட்டி சுட ஒரே ஒரு போறணை அடுப்பு. போறணை நின்றால் சனம் ஊரைவிட்டுப் போய்விடும். சனம் போனால் காப்பாற்ற ஊர் இல்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு போராளிகள், பாதிக்குமேல் பெண்பிள்ளைகள், சண்டை பிடித்துக்கொண்டே ரொட்டியும் சுடுகிறார்கள். மலைக்கு மேலால் மா மூட்டை சுமந்து வருகிறார்கள். படம் முழுக்க இவ்வளவுதான் கதை.

நான் சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்டெரியில் சமைக்கிறவள். மாவில் ஒருத்தி கை வைக்கிற விதத்திலேயே அவள் வாழ்க்கையில் மாப் பிசைந்தவளா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சினிமாவில் எல்லோரும் பிசைவது போலப் பாவனை செய்வார்கள். இந்தப் படத்தில் ரொட்டி சுட்ட போராளிப் பிள்ளை ஒருத்தி துவக்கை மூட்டையில் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்து, உள்ளங்கையின் அடியால் அமத்தித் திருப்பினாள். நெற்றி மயிரை முன்கையால் ஒதுக்கினாள். போறணைக்குள் கை விட்டுச் சுவரில் ரொட்டியை அறைந்தபோது ஒரு தரம் கூடக் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அதைப் பார்த்து நான் பிரமித்துப்போனேன். சொன்னால் சிரிப்பீர்கள், குண்டு விழுந்ததைப் பார்த்து எனக்கு வராத நடுக்கம் அந்த ரொட்டியைப் பார்த்து வந்தது. பின்வரிசையில் வீட்டுக்காரரின் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

பேச்சுக்குக் கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது, அதை வாசித்து விளங்கிக்கொண்டேன். ஒரு இடத்தில் ரொட்டிக் கடைக்காரர் அந்தப் பிள்ளையிடம் கேட்பார், விடுதலை கிடைத்தால் நீ என்ன செய்வாய் என்று. அவள் கையில் ஒட்டிய மாவை உரித்து முடிப்பாள். சந்தைக்குப் போய், எங்கள் பாஷையில், சத்தம் போட்டு விலை பேசுவேன் என்பாள். மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய நெருப்புக்குள் நிற்கிறவளின் ஆசை இவ்வளவுதானா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எனக்குத் தெரிந்த பெரிய பேச்சாளர்கள் ஒருத்தரும் விடுதலையை இப்படி விளங்கப்படுத்தவில்லை.

இதற்கிடையில் எங்கள் வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெண்பிள்ளையும் திரையில் வரும்போது என் முழங்கையில் பிடி இறுகும். நான் நடையைப் பார்ப்பேன். அவள் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள், பிடி தளரும். மூட்டையோடு வந்தவள் இல்லை. கூரையில் நின்றவள் இல்லை. காயக்காரனை இழுத்து வந்தவள் வெளிப்பக்கம் பாதம் திருப்பி நடந்தாள். "இவளோ?" என்று கேட்டேன். கீழ்வீட்டுக்காரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இல்லை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தலைத்துண்டு, முகத்தில் ஒரே புழுதி. படம் முடியும் நேரம் வந்துவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. அவள் என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"வந்திட்டுப் போட்டாள் போல, அக்கா. என்ர தங்கச்சியை எனக்குத் தெரியேல்லை."

என் வித்தை கைவிட்டுவிட்டது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசிச் சண்டை முடிந்து விடிந்தது. போறணையில் புகை வந்தது, ஊர் தப்பிவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். இசை ஒன்றும் இல்லை. கமரா ஒவ்வொரு முகமாக மெதுவாகப் போனது. மண்டபத்தில் பலர் அழத் தொடங்கினார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை. அதுவரைக்கும் படத்தில் வராதவள். கமரா அவள் முகத்தில் நின்றது.

எனக்கு எதிலும் பிழை பிடிக்கிற குணம். அந்தச் சோகத்திலும் கண்ணுக்குப் பட்டுவிட்டது. செத்தவளின் இமை துடித்தது. தொண்டை எச்சில் விழுங்கியது. சிரிப்பை அடக்குகிறவர்களுக்கு வருவதுபோல் கடைவாய் ஒருமுறை உள்ளுக்கு இழுத்தது. இன்னொரு தரம் எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த நேரம் பக்கத்தில் இருந்தவளின் நகம் என் கையில் இறங்கியது.

"அவள்தான்" என்றாள்.

பிறகு சிரித்தாள். வாய்விட்டு, உரக்க. முப்பது பேர் அழுதுகொண்டிருக்கும் மண்டபத்தில், இறந்தவர்களின் வரிசைக்கு முன்னால் இருந்து, ஒருத்தி சிரிக்கிறாள். எல்லோரும் திரும்பினார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, சிரிப்பும் வருகிறது. சின்ன வயதில் தெரு ஒழுங்கையில் சண்டை விளையாடினால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காகச் சாகுமாம். தங்கச்சிக்கு மட்டும் சாகவே தெரியாதாம். படுத்த உடனே சிரிப்பு வந்துவிடுமாம். அதற்காகவே அவளை ஒருத்தரும் விளையாட்டில் சேர்க்கமாட்டார்களாம். இதையெல்லாம் திக்கித் திக்கி என் காதுக்குள் சொன்னாள்.

நான் திரையைப் பார்த்தேன். கமரா இன்னும் அங்கேயேதான் நின்றது. அந்தப் பிழை படம் எடுத்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வெட்டி எறிந்திருக்கலாம். வெட்டவில்லை. செத்தவர்களுக்கு நடுவில் ஒருத்தி மூச்சு விடுவதை உலகத்துக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு கையையும் பிடித்திருப்பேன். எத்தனை வருஷம் எத்தனை வீடியோ பார்த்தவள் நான். கிடத்தியிருந்த ஒருத்தர்கூட எனக்காக இமை துடிக்கவில்லை.

பிறகு ஊர்ப் பெண் ஒருத்தி கைகொள்ளாமல் கம்பளிகளைக் கொண்டுவந்தாள். வீட்டுக் கம்பளிகள், பூப்போட்டவை. ஒவ்வொருவராகப் போர்த்திக்கொண்டு வந்தாள். கால், நெஞ்சு, பிறகு முகம். கடைசியாக அந்தப் பிள்ளையின் முகத்தை மூடியபோது கீழ்வீட்டுக்காரி சிரிப்பதை நிறுத்தினாள். படம் அதோடு முடிந்தது.

வெளிச்சம் போட்டதும் கோபத்தோடு ஒரு வயதானவர் எங்களிடம் வந்தார். அவள் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். பிறகு மற்றவர்களிடம் போய்ச் சொன்னார். எல்லோரும் வந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தங்கை இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் ஒருவரையும் கேட்கவில்லை.

படிக்கட்டில் நின்று தாய்க்கு அழைத்தாள். நான் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, தொப்பி போடாமல் நின்றார். அவர்கள் பேச்சில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. ஆனால் அவள் சிரித்ததும், நீளமாக ஏதோ சொன்னதும், அந்தப் பக்கத்தில் தாய்க்காரி அழுததும் விளங்கியது. பிறகு தாய் ஏதோ கேட்டா. அவள் கொஞ்சம் தயங்கி ஒரு சொல்லில் பதில் சொன்னாள். தாய் இன்னொன்று கேட்டா. இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

தொலைபேசியை வைத்த பிறகு, தாய் என்ன கேட்டவ என்று நான் கேட்டேன்.

"படத்தில தங்கச்சி என்ன செய்யிறாள் எண்டு கேட்டா. நித்திரை கொள்ளுறாள் எண்டன்."

"பேந்து?"

"குளிரில படுத்திருந்தவளோ, ஆரும் போர்த்தி விட்டவையோ எண்டு கேட்டா" என்றாள். "ஓம் அம்மா, வடிவாப் போர்த்தி விட்டவை எண்டன்."